பால் ஹாலாகும், வாழை பாளெயாகும்: தமிழ் மூளைக்குக் கன்னடம் பழக்கும் வழி

பெங்களூருக்குப் புதிதாக வரும் தமிழர்கள் கன்னடம் கற்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் முதலில் தேடுவது சொற்பட்டியல். தண்ணீருக்கு 'நீரு', சாப்பாட்டுக்கு 'ஊட்ட', வீட்டுக்கு 'மனெ' என்று ஐந்நூறு சொல்லை உருப்போட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினால், கண்டக்டர் சொல்வதில் ஒன்றும் பிடிபடாது. சொல் தெரியாததால் அல்ல. பட்டியலில் தனித்தனியாக நின்ற சொற்கள் பேச்சில் அப்படி நிற்பதில்லை.

பேச்சைப் பதிவு செய்து அதன் ஒலியலையைக் கணினித் திரையில் பார்த்தால், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருக்காது. 'பக்கம்' என்ற ஒரே சொல்லின் நடுவில் 'க்க' வரும் இடத்தில் ஒரு கணம் ஒலி முழுக்க அடங்கும். 'எங்க போற' என்று கேட்கும்போது இரண்டு சொல்லுக்கு நடுவே அவ்வளவு அமைதிகூடக் கிடைக்காமல் போகலாம். தமிழ் கேட்கும்போது சொல் சொல்லாகக் காதில் விழுகிறதே என்றால், அந்த இடைவெளியைப் போடுவது உங்கள் மூளை. எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரும், எது எதோடு சேராது என்ற கணக்கைச் சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறது.

எவ்வளவு சின்ன வயது? 1996-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளில்லாத அசைகளை இரண்டு நிமிடம் கேட்க வைத்தார்கள். நடுவில் நிறுத்தம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. சில அசைகள் எப்போதும் சேர்ந்தே வந்தன. மற்றவை எப்போதாவதுதான் அடுத்தடுத்து வந்தன. அந்த இரண்டு நிமிடத்திலேயே எவை சேர்ந்து வருபவை என்பதைக் குழந்தைகள் பிரித்தறிந்துவிட்டன. யாரும் அவற்றுக்கு இலக்கணம் சொல்லித் தரவில்லை.

மூளை இடைவெளி போடுவதோடு நிற்பதில்லை. இல்லாத ஒலியையும் நிரப்பும். ரிச்சர்ட் வாரன் 1970-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இருமலைச் சொருகினார். கேட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் சொல் முழுதாகவே கேட்டது. இருமல் எந்த எழுத்தின்மேல் விழுந்தது என்று அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சந்தை இரைச்சலில் நீங்கள் தமிழ் பேசிச் சமாளிப்பது இந்த நிரப்பும் வேலையால்தான்.

ஆக, புரிந்துகொள்வது என்பதில் பாதி ஊகம். கன்னடத்தில் உங்களுக்குக் குறைவது இந்த ஊகம்தான். சொல் அதற்கு அடுத்தது. நல்ல செய்தி என்னவென்றால், தமிழர் ஊகிக்க வேண்டியதில் பெரும்பங்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தும் வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

ஒரு குறிப்பு. தமிழ் எழுத்தில் ப ஒன்றுதான். கீழே கன்னடச் சொல்லின் முதலில் 'ப' என்று எழுதியிருந்தால், 'பயம்', 'பஸ்' என்பவற்றில் வரும் ஒலியாகப் படியுங்கள். விதிவிலக்கு வரும் இடத்தில் சொல்கிறேன்.

படி 1: முதலில் வால்களை மட்டும் கேளுங்கள்

முதல் ஒரு வாரம் எதையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். பேருந்திலோ டீக்கடையிலோ நிற்கும்போது சொற்களின் கடைசியை மட்டும் கவனியுங்கள். தமிழிலும் கன்னடத்திலும் யார், எங்கே, யாருக்கு என்பதெல்லாம் சொல்லின் வாலில்தான் தொங்குகிறது. வால் பிடிபட்டால் சொல் எங்கே முடிகிறது என்பதும் தெரிந்துவிடும்; வெட்ட வேண்டிய இடம் கிடைத்துவிடும்.

வினைச்சொல்லில் 'ஹோக்தானெ' என்றால் அவன் போகிறான். 'ஹோக்தாளெ' அவள் போகிறாள். 'ஹோக்தாரெ' அவர் போகிறார். ன், ள், ர் மூன்றும் நம்முடையவைதான். 'ஹோக்தீனி' என்றால் நான் போகிறேன். பெயர்ச்சொல்லில் நம் 'க்கு' இருக்கும் இடத்தில் 'கெ' வரும்: 'மனெகெ' என்றால் வீட்டுக்கு. நம் பேச்சில் 'வீட்ல' என்பது அங்கே 'மனெயல்லி'. 'இந்த' என்று முடிந்தால் இருந்து: 'மனெயிந்த', வீட்டிலிருந்து.

இங்கே தமிழருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வரும். 'அம்மாவுக்கு மருந்தை...' என்று ஒருவர் நிறுத்தினால், கொடுத்தேன், வாங்கினேன், அனுப்பினேன் போன்ற ஏதோ ஒன்று வரப்போகிறது என்று உங்கள் மூளை அதற்குள் தயாராகியிருக்கும். அந்தத் தயார்நிலை அப்படியே கன்னடத்துக்கும் செல்லும். வினையை நடுவில் வைத்துப் பழகிய ஆங்கிலக்காரர் இதைப் புதிதாகக் கட்ட வேண்டும். மறுப்பும் கடைசியில்தான்: 'இல்லா', 'பேட', 'கொத்தில்லா'. ஆகவே கன்னடக்காரர் பேசி முடிக்கும்வரை தலையாட்டாமல் இருப்பது நல்லது. வாக்கியம் முழுக்கச் சம்மதம்போல ஓடிவிட்டு, கடைசியில் 'ஆகல்ல' என்று முடிந்துவிடும். ஆகாது என்று அர்த்தம்.

படி 2: ஒலியை மாற்றிக் கேட்கப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழும் கன்னடமும் ஒரு குடும்பத்து மொழிகள். பிரிந்த பிறகு ஒலிகள் மாறிய விதம் தாறுமாறாக இல்லை, ஒழுங்காக மாறியிருக்கின்றன. ஒழுங்கு இருக்கும் இடத்தில் மூளை வேகமாகக் கற்கும். நூறு சொல்லைத் தனித்தனியாக ஏற்றுவதைவிட, நூறு சொல்லை மாற்றித் தரும் ஒரு விதியை ஏற்றுவது சுலபம்.

முதல் விதி: சொல்லின் தொடக்கத்தில் நம் ப, அங்கே ஹ. பால் ஹாலு. பத்து ஹத்து. பல் ஹல்லு. புலி ஹுலி. புளி ஹுளி. பூ ஹூவு. பாம்பு ஹாவு. பெண் ஹெண்ணு. பகல் ஹகலு. பிடி ஹிடி. பாடு ஹாடு. போ ஹோகு. பன்றி ஹந்தி. பின்னால் என்பது 'ஹிந்தெ', புறம் என்பது 'ஹொர'. பழைய கன்னடத்தில் இவையும் பகரமாகவே இருந்தன. இடைக்காலத்தில் ஹகரமாக மாறின. நகரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வரும் 'ஹள்ளி' என்பது நம் ஊர்ப் பெயர்களில் வரும் 'பள்ளி'தான். எல்லை தாண்டினதும் வரும் ஓசூர், 'ஹொச ஊரு', அதாவது நம் புதூர்.

இரண்டாவது விதி: தொடக்கத்தில் நம் வ, அங்கே ப. பயத்தின் ப. வா என்பது 'பா'. வில் பில்லு. வேர் பேரு. வளை பளெ. வலை பலெ. வெல்லம் பெல்ல. வாழை பாளெ. தாவணகெரெ பக்கத்திலிருந்து வந்து நகரமெங்கும் விற்கும் 'பெண்ணெ தோசெ' வேறொன்றும் இல்லை, வெண்ணெய் தோசை. வேண்டும் என்பது 'பேக்கு', வேண்டாம் என்பது 'பேட'.

இந்த இரண்டு விதியையும் சேர்த்துப் பாருங்கள். பழைய பகரங்கள் ஹகரமாகிவிட்டன; வகரங்கள் பகரமாகிவிட்டன. ஆகவே தமிழோடு உறவுள்ள ஒரு கன்னடச் சொல் அந்தப் பகரத்தில் தொடங்கினால், அதை வகரமாக மாற்றித் தமிழில் தேடுங்கள். பல தடவை கிடைத்துவிடும்.

மூன்றாவது விதிக்கு உழைப்பே வேண்டாம். எழுத்தில் ஐ என்று முடிவது அங்கே எ என்று முடியும்: தலெ, மலெ, மளெ, ஆனெ. நாம் பேசும்போதும் 'தல', 'தலெ' என்று ஏதோ ஒன்றுதானே வருகிறது. யாரும் 'யானை வந்தது' என்று எழுத்துப்படி உச்சரிப்பதில்லை. அதேபோல, அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ இருந்தால் முன்னால் வரும் இ எகரமாகும், உ ஒகரமாகும். இலை 'எலெ'. குடை 'கொடெ'. தமிழ் வகுப்பில் 'கொச்சை' என்று திருத்தப்பட்ட 'எல', 'கொட' எல்லாம் இங்கே உதவிக்கு வருகின்றன. கன்னடத்துக்குப் பக்கத்தில் இருப்பது உங்கள் பாடநூல் தமிழைவிட உங்கள் வீட்டுத் தமிழ்.

நான்காவது: ழ அங்கே இப்போது இல்லை, ள ஆகிவிட்டது. ஏழு ஏளு, மழை மளெ, புழு ஹுளு, பழைய என்பது 'ஹளெய'.

விதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போதுதான் சுவாரசியம். விலை என்ற சொல்லை எடுங்கள். வ பகரமாகிறது, பின்னால் ஐகாரம் இருப்பதால் இ எகரமாகிறது, கடைசி ஐ எகரமாகிறது. 'பெலெ'. அப்படித்தான் சொல்கிறார்கள். புகை? ப ஹகரம், உ ஒகரம், ஐ எகரம்: 'ஹொகெ'. விரல் 'பெரளு'. இவற்றை முதலில் காகிதத்தில் மாற்றிப் பழகுங்கள். தினம் பத்துச் சொல் போதும். சொல்லைத் தமிழில் எழுதி, மாற்றி, பிறகு கன்னடம் தெரிந்த ஒருவரிடம் சரியா என்று கேளுங்கள். சில நாளில் காகிதம் தேவைப்படாது. 'ஹ' என்று காதில் விழுந்ததும் மூளை தானாகவே ப-வைத் தேடத் தொடங்கும்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. 'பேட்டெ', 'பாள்ய' இரண்டும் நம் பேட்டை, பாளையம், இவை ஹகரமாகவில்லை. நம் 'பட்டு' மாதிரி வல்லினமாகவே உச்சரிக்க வேண்டும். வடமொழியிலிருந்து வந்தவையும் பிற்காலத்தில் வந்தவையும் பெரும்பாலும் தப்பிவிட்டன. செவி 'கிவி', சேரி 'கேரி' என்று நம் ச இருக்கும் இடத்தில் அங்கே க வரும் சில சொற்களும் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: மெட்ரோ அறிவிப்பை வகுப்பறையாக்குங்கள்

தொடக்கக்காரருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கேட்கும் பயிற்சி, பெங்களூரின் 'நம்ம மெட்ரோ' ரயிலில் வரும் அறிவிப்பு. காரணம், அது மாறுவதில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் அதே வாக்கிய அமைப்பு. ஊர்ப் பெயர் மட்டும் மாறும். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து, ஓர் இடம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் அந்த வடிவத்தை மூளை விரைவில் பற்றிக்கொள்ளும்.

'முந்தின நில்தாண' என்று தொடங்கும். நில் தெரியும், ஆகவே நில்தாண என்பது நிறுத்தம், நிலையம். பிறகு கதவு பற்றி வரும். 'பாகிலு' என்று காதில் விழும். இரண்டாவது விதியைப் போடுங்கள்: வாகில், வாயில். கதவுதான். 'எட' என்று வந்தால் இ-யை எகரமாக்கும் விதி: இட, இடது பக்கம். 'பல' என்று வந்தால் வல, வலது பக்கம். 'தெரெ' என்று தொடங்கும் வினை வந்தால் திற. வாயில் இடப்பக்கம் திறக்கும் என்கிறார்கள். ஒரு சொல்கூடப் புதிதாக மனப்பாடம் செய்யவில்லை.

ஆனால் முதல் சொல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் 'முந்தின' என்றால் கடந்துபோனது: முந்தின நாள், முந்தின வாரம். கன்னடத்தில் 'முந்தின' என்றால் வரப்போவது. 'முந்தின நில்தாண' அடுத்த நிலையம். 'ஹிந்தின' என்றால் போனது. நம் 'பிந்தின' என்பதற்கு நேர் எதிர். நமக்கு முன்னால் நடந்தது முந்தினது. அவர்களுக்கு முன்னால் இருப்பது முந்தினது. அலுவலகத்தில் 'முந்தின வார' என்று கூட்டம் வைத்தால் போன வாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 4: ஏமாற்றும் சொற்களைத் தனியாகப் பழகுங்கள்

எதிர்பார்த்த சொல் வராமல் வேறொன்று வந்தால் மூளை எப்படித் துள்ளும் என்பதை மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் 1980-இல் அளந்து காட்டினார்கள். ரொட்டியில் காலுறையைத் தடவினான் என்பதுபோல முடியும் வாக்கியத்தைப் படித்தவர்களின் மூளையில், அந்தப் பொருந்தாத சொல் வந்து சுமார் 400 மில்லிநொடியில் ஒரு மின் அலை தெளிவாக எழுந்தது. அரை நொடிகூட ஆகவில்லை. வாக்கியம் எங்கே போகிறது என்று முன்கூட்டியே ஊகித்திருந்தால்தானே இவ்வளவு சீக்கிரம் அதிர முடியும்?

இந்த அதிர்ச்சி உங்களுக்குப் பயன்படும். 'கெலச மாடு' என்று யாரோ சொல்ல, உங்கள் தலையில் மாடு வந்து நிற்கும். வேலைக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மூளை துள்ளும். 'மாடு' என்றால் செய் என்பது அந்த இடத்தில்தான் ஆணி அடித்ததுபோல் இறங்கும். (நம் மாடு அங்கே 'ஹசு', அதாவது பசு. முதல் விதி.) 'பாலு' என்று வல்லினத்தில் சொன்னால் பங்கு, குடிப்பது 'ஹாலு'. 'ஹத்து' என்றால் பத்து, ஆனால் பேருந்துப் படியில் நிற்பவரிடம் 'ஹத்தி' என்றால் ஏறுங்கள். இப்படிப்பட்ட சொற்கள் எதிர்ப்படும்போது அவை வந்த முழு வாக்கியத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தனிச் சொல்லாக எழுதினால் மறுநாள் பழைய அர்த்தம்தான் வந்து நிற்கும்.

படி 5: தமிழ்க் காது விட்டுவிடும் ஒலிகள்

கடல், சங்கம், பகல். மூன்றிலும் க ஒரே எழுத்து, ஒலி மூன்று. எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று நாம் யோசிப்பதே இல்லை. இடம் பார்த்து ஒலியைத் தேர்ந்தெடுக்கும் விதி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ் கற்க வரும் வெளிமாநிலத்தவர் முதலில் திணறும் இடமும் இதுதான்.

கன்னடத்தில் அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து, அதனால் தனித்தனிப் பொருளும் உண்டு. 'கொத்தில்லா' என்று நான் மேலே எழுதியதன் முதல் ஒலி 'குரு' என்பதில் வருவது. அதைக் கடலின் ககரமாகச் சொன்னால் கேட்பவர் ஒரு கணம் தயங்குவார். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. இந்தியின் த, ட வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் பிரித்துக் கேட்டன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலும் விட்டுவிட்டன. வீட்டில் தேவைப்படாத வேறுபாட்டை மூளை கவனிப்பதை நிறுத்திவிடுகிறது. நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கோபம், குரு, பயம், பஸ் என்று இந்த ஒலிகளைத் தினமும் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். எழுத்தில் பிரிக்கவில்லை, அவ்வளவே. மூச்சை அழுத்திச் சொல்லும் மகாப்பிராண ஒலிகளைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். அன்றாடப் பேச்சில் கன்னடக்காரர்களே பலர் அதை அழுத்திச் சொல்வதில்லை.

படி 6: சொல்லாக அல்ல, கட்டாக எடுங்கள்

'ஊட்ட ஆய்த்தா?' சாப்பாடு ஆச்சா? 'எஷ்டு ஆய்த்து?' எவ்வளவு ஆச்சு? 'சில்லறெ இல்லா.' இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். 'ஸ்வல்ப முந்தெ நில்ஸி', கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். 'மெல்லகெ மாத்தாடி', மெதுவாகப் பேசுங்கள். இவற்றை உடைத்து இலக்கணம் பார்க்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கட்டு பழகிவிட்டால், அடுத்த தடவை அதன் முதல் பாதி காதில் விழுந்ததுமே மறுபாதியை மூளை நிரப்பிவிடும். மிச்சமாகும் கவனம் தெரியாத சொல்லுக்குப் போகும்.

ஒரு கட்டு மட்டும் நூறு வேலை செய்யும். நாம் 'ஃபோன் பண்ணு', 'வெயிட் பண்ணு', 'ஹெல்ப் பண்ணு' என்கிறோம் அல்லவா? அங்கே 'ஃபோன் மாடி', 'வெயிட் மாடி', 'ஹெல்ப் மாடி'. பெங்களூரின் தேசிய கீதம் என்று கிண்டலாகச் சொல்லப்படும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' இந்த அச்சில் வார்த்ததுதான். 'மாடு' என்றால் பண்ணு. 'மாடி' என்றால் பண்ணுங்க. கடைசியில் வரும் அந்த 'இ' மரியாதை. 'பா' என்று நண்பனைக் கூப்பிடலாம். வீட்டு உரிமையாளரை 'பன்னி' என்றுதான் கூப்பிட வேண்டும். (ஆமாம், வாங்க என்று அர்த்தம். பயத்தின் பகரம் என்று மறுபடியும் நினைவூட்டுகிறேன்; நம் காதுக்குச் சிரிப்பு வரும், அங்கே வராது.)

படி 7: எழுத்தை நான்கு நிலையப் பெயர்களில் தொடங்குங்கள்

எழுத்து வரிசையை அ, ஆ என்று தொடக்கத்திலிருந்து எழுதிப் பழகாதீர்கள். கன்னடத்தில் 49 எழுத்து. ஒற்றையெழுத்தாகக் கற்றால் பாதியில் சலித்துவிடும். ஒரு சொல்லுக்குள் இருக்கும் எழுத்தைத் தனியாக நிற்கும் எழுத்தைவிட நாம் நன்றாக அடையாளம் காண்கிறோம் என்பதை ஜெரால்ட் ரெய்ச்சர் 1969-இல் சோதனையில் காட்டினார். ஆகவே சொல்லிலிருந்து தொடங்குவோம், அதுவும் என்னவென்று முன்பே தெரிந்த சொல்லிலிருந்து.

மெட்ரோ நிலையங்களில் பெயர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஜயநகர, விஜயநகர, ராஜாஜிநகர, இந்திராநகர என்ற நான்கு பலகையையும் படமெடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். ஜயநகரத்தையும் விஜயநகரத்தையும் ஒப்பிட்டால், இரண்டாவதில் முன்னால் ஒட்டியிருக்கும் ஒரே எழுத்து 'வி'. நான்கிலும் கடைசி மூன்று எழுத்து ஒன்றே: ந, க, ர. அதில் நடுவில் இருப்பது குருவின் க. ராஜாஜி என்பதில் ஜகரம் இரண்டு தடவை வருகிறது, ஒன்று ஜா, ஒன்று ஜி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் 'ஆ' குறியும் 'இ' குறியும் கிடைத்துவிடும். அந்த 'இ' குறியை 'வி'-யின் தலையில் சரிபாருங்கள். இந்திரா என்பதில் இகரத்துக்குப் பின் ஒரு சின்ன வட்டம் இருக்கும். 'ந்' என்ற மூக்கொலியை அந்த வட்டமே காட்டிவிடும். நான்கே பெயரில் ஏழு மெய், ஓர் உயிர், ஒரு வட்டம், இரண்டு உயிர்க்குறி கைக்கு வந்துவிட்டன.

அடுத்து 'ஹள்ளி'. தாசரஹள்ளி, ஜாலஹள்ளி, பையப்பனஹள்ளி. தமிழில் 'ள்ளி' என்று புள்ளி வைத்துப் பக்கத்தில் எழுதுவதை, கன்னடத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவார்கள்: மேலே 'ளி', காலடியில் சின்னதாக இன்னொரு 'ள'. இதற்கு ஒத்தக்ஷரம் என்று பெயர். தமிழ்க் கண்ணுக்கு இதுதான் புதிது, ஏனென்றால் நாம் வரியின் கீழே எதையும் தேடுவதில்லை. 'ஹள்ளி'யை எழுத்துக் கூட்டாமல் ஒரே உருவமாகப் பழகிவிடுங்கள். பிறகு ஒத்தக்ஷரம் வரும் மற்ற இடங்களிலும் கண் தானாகக் கீழே இறங்கும்.

வயதான பிறகு புது எழுத்து ஏறுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. எழுத்தை அடையாளம் காணும் பகுதி மூளையின் இடப்புற அடிப்பகுதியில், எந்த மொழி எழுத்தானாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கிறது. ஸ்தானிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களான பின் படிக்கக் கற்றவர்களின் மூளையிலும் அந்தப் பகுதி எழுத்துக்குப் பழகியிருந்தது தெரிந்தது. போதாக்குறைக்கு, நம் பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்கு இடையே வெளியும் கிடையாது. மொழியின் போக்கு தெரிந்தவர்கள் அதைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பலகையில் இரண்டு எழுத்து தெரியாவிட்டாலும் மீதியை வைத்து ஊகியுங்கள். ஆங்கிலப் பெயர் பக்கத்தில் இருக்கிறது, சரிபார்க்கலாம்.

வாயைத் திறக்கும்போது

நேரம் பற்றி ஒரு வரி: ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் கால் மணி நேரம் மேல். இடைவெளி விட்டுப் படித்தது அதிகம் தங்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவைத்துவிட்டார்.

பெங்களூரில் வேறொரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் ஆரம்பித்ததும், எதிரில் இருப்பவர் உங்கள் ழகரத்தைக் கேட்டு ஆளைப் புரிந்துகொண்டு தமிழுக்கு மாறிவிடுவார். காய்கறிக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பக்கத்து வீட்டு அம்மா என்று பலருக்குத் தமிழ் தெரியும். அன்போடுதான் செய்கிறார்கள், ஆனால் பயிற்சி கெட்டுவிடும். அப்போது சொல்ல ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள்: 'கன்னடதல்லே மாத்தாடி, கலீதா இத்தீனி.' கன்னடத்திலேயே பேசுங்க, கத்துக்கிட்டு இருக்கேன்.

சொன்னதும் பேச்சின் வேகம் குறையும், கேள்விகள் எளிதாகும். முதல் கேள்வி பெரும்பாலும் 'யாவ ஊரு?' எந்த ஊர் என்கிறார். மதுரைக்காரர் என்றால் 'நம்ம ஊரு மதுரெ' என்று சொல்லுங்கள். இரண்டாவது கேள்வி ஊட்ட பற்றியதாக இருக்கும்.